புதுப்பிப்பு: 43 அங்குல ரீவி கணினித் திரையாக எப்படி இருக்கிறது?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சியில் வீட்டிலிருந்து தமிழ்ப் பக்க வடிவமைப்புச் செய்கிறேன், மொனிற்றருக்குப் பதிலாக 4கே ரீவி வாங்கலாமா, எத்தனை அங்குலம் என்று கேட்டிருந்தேன்.

43 அங்குலமே எடுத்தேன். 55 வேண்டாம் என்ற அண்ணையின் கணக்குச் சரி: 4கேயின் அதே 3840 × 2160 திரைப்புள்ளிகள் 43இல் அங்குலத்துக்கு 102, 55இல் 80தான். மேசைத் தூரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பூட்டியதும் எழுத்து மங்கலாக இருந்தது. வெள்ளையில் கறுப்பு பரவாயில்லை. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொண்டன, 'க்'கின் புள்ளி கரைந்தே போனது. ரீவி நிறத் தகவலைச் சுருக்கி 4:2:0 ஆக (நான்கு திரைப்புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்) காட்டுகிறது, உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள் என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அதுதான் வேலை செய்தது! உடனே 4:4:4 (ஒவ்வொரு திரைப்புள்ளிக்கும் தனி நிறத் தகவல்) வந்தது, 'க்'கின் புள்ளி புள்ளியாகவே நின்றது. அப்புறம் கூர்மை அளவைக் குறைத்தேன், எழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரமும் போய்விட்டது.

மவுஸ் சுட்டியும் திரையில் இழுபட்டு நகர்ந்தது, அதற்குக் காரணம் வேறு. என் கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வாய் 4கேயை 30 ஹேர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 படமாகத்தான், அனுப்பும். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் அடப்டர் போட்ட பிறகு 60 கிடைத்தது.

எதிர்பாராத ஒன்று: கணினி உறங்கினாலும் ரீவி தானாக அணைவதில்லை. ஒவ்வொரு முறையும் ரிமோட்டால்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.