வாத்து முதல்ல, விதை அப்புறம்

குழு: தோட்டக் குடும்பம் (வெருலம் – மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)
ஆகஸ்ட் 30, சனி

சின்ன மாமா, 6.42: திங்கக்கிழமை செப்டம்பர் 1, வசந்தம் பொறக்குது. பீன்ஸ் விதை, மிளகாய் நாத்து ரெடி. இன்னிக்கே கோயில் பக்கத்துத் தோட்டத் துண்டுல போட்டுடலாமா?

நான், 6.50: பொறுங்க மாமா. நேத்து சாயங்காலம் போனேன். முட்டைக்கோஸ் இலை சல்லடையா கிடக்கு. நடைபாதைப் பலகையைப் புரட்டினா அடியில நத்தை அப்பிக்கிட்டு இருக்கு. ஓடு இல்லாததும் சேர்த்து.

சின்ன மாமா, 6.52: அதுக்குத்தான் நத்தை மருந்து வாங்கியாச்சு. பச்சை மாத்திரை. இப்பவே போய்த் தூவிடறேன்.

பெரியம்மா, 6.53: டேய் தூவாதே!!

பெரியம்மா, 6.55: அந்த மருந்தைத் தின்ன நத்தையை என் வாத்து தின்னா அதுவும் போயிடும். பக்கத்துத் துண்டுக்காரர் நாய் வேற அங்கேயே சுத்துது.

அண்ணன், 7.01: டப்பாவுல சின்ன எழுத்துல பாருங்க மாமா, மெட்டால்டிஹைடுன்னு இருக்கும். நாய்க்கும் விஷம், பறவைக்கும் விஷம்.

சின்ன மாமா, 7.03: ஆமா, போட்டிருக்கு. இன்னும் பிரிக்கல. ஸ்லிப் இருக்கு, திருப்பிக் கொடுத்துடறேன். அப்ப நத்தைக்கு என்ன வழி?

பெரியம்மா, 7.06: நாத்து நடறதுக்கு முன்னாடி வாத்தை விடணும். நட்டப்புறம் விட்டா பிஞ்சு நாத்தைத் தின்னுட்டு மிச்சத்தை மிதிச்சுப் போடும். கோழி மாதிரி கிளறாது, ஆனா பாதம் அகலம்ல. இப்ப காலித் துண்டு. நத்தை, புழு, முட்டை எல்லாத்தையும் பொறுக்கட்டும். முட்டைக்கோஸ்க்கு மட்டும் வலை கட்டு. புரட்டாசி பொறந்ததும் பீன்ஸ் போடு.

அண்ணன், 7.08: மத்தியானம் வாத்தை ஏத்த பக்கி வண்டி எடுத்துட்டு வரேன். பொழுது சாயறதுக்குள்ள திரும்பக் கூட்டில அடைக்கணும். கீரி வரும்.

நான், 7.09: குரங்கை விட்டுட்டீங்க 🐒 போன வருஷம் பீன்ஸ் முளையைப் பிடுங்கிப் பார்த்துட்டு அங்கேயே போட்டுட்டுப் போச்சு. திங்கவும் இல்ல!

மாரிட்ஸ்பர்க் அத்தை, 7.20: உங்களுக்கென்ன, கடலோரம். இங்க செவ்வாய்க்கிழமை காலையில புல்லெல்லாம் வெள்ளையா பனி. மிளகாய் நாத்து இன்னும் சமையக்கட்டு ஜன்னல்லதான். ஆனா கொத்தமல்லியை இப்பவே தூவுங்க, வெயில் ஏறினா இலை விடாம பூ வச்சிடும்.

நான், 7.24: கொத்தமல்லி வீட்டுப் பின்னாடி பாத்தியில அத்தை, வாத்து போகாத பக்கம். பெரியம்மா, வாத்துத் தொட்டித் தண்ணியை அதுக்கு ஊத்தலாமா? பச்சையா நாத்தம் அடிக்குது.

பெரியம்மா, 7.27: பச்சையா திங்கற எதுக்கும் ஊத்தாதே. வாழைக்கு ஊத்து, மடும்பிக்கு ஊத்து, அதான் நம்ம சேப்பங்கிழங்கு. மடும்பிக்கு ஈரம்னா கொண்டாட்டம், அதுவும் வேகவச்சுத்தானே திங்கறோம்.

பெரியம்மா, 7.28: துண்டுலயும் ஒரு டப் வைங்க. தலை முங்கற ஆழம் வேணும். மூக்கும் கண்ணும் கழுவலைன்னா வாத்துக்குச் சீக்கு வரும். மழைத் தண்ணி பிடிக்கற ஜோஜோ டேங்க்ல தண்ணி இருக்கா?

அண்ணன், 7.30: பாதி இருக்கு. மழை வர்ற வரைக்கும் பார்த்துச் செலவு பண்ணணும்.

பெரியம்மா, 7.34: இன்னொரு சேதி. கறுப்பு மஸ்கோவி வாத்து அடை படுத்துட்டா. கிட்டப் போனா சீறுறா. அவளைத் துண்டுக்குக் கூட்டிப் போகாதீங்க.

அண்ணன், 7.36: அப்ப 28 நாள்ல குஞ்சு?

பெரியம்மா, 7.37: அது மத்த வாத்துக்கு. மஸ்கோவிக்கு 35. அக்டோபர் முதல் வாரம் ஆகும். ஒரு வாரம் கழிச்சு ராத்திரியில போன் டார்ச் வச்சுப் பாரு. உள்ள சிவப்பு நரம்பு ஓடினா கரு இருக்கு. ஒண்ணுமில்லாம வெளுப்பா இருந்தா கூமுட்டை, எடுத்துடு.

மாரிட்ஸ்பர்க் அத்தை, 7.41: நல்ல நேரம்தான். புரட்டாசி விரதத்துல முட்டை யாரு தொடப்போறா? அவளாவது உருப்படியா வச்சுக்கட்டும்.

சின்ன மாமா, 7.42: நான் தொடுவேனே 🙈

பெரியம்மா, 7.43: உன் பொண்டாட்டி இந்தக் குழுவுலதான் இருக்கா.

சின்ன மாமா, 11.15: மருந்தைக் கடையில எடுத்துக்கிட்டாங்க. அந்தக் காசுக்கு மார்க்கெட்ல முளை விட்ட மடும்பியாப் பொறுக்கி வாங்கிட்டேன். அக்கா, எவ்வளவு ஆழம் புதைக்கணும்?

பெரியம்மா, 11.18: ஒரு சாண் பள்ளம் தோண்டி, அடியில பழைய சாணி போட்டு வை. முளை மேல் பக்கம் பார்த்திருக்கணும். வீட்டுல தொட்டிக்குப் பக்கத்துலயே வை, தண்ணி சுமக்க வேண்டாம்.