மறு: ‘ஃபோல்ட்பேக்’கிற்குத் தமிழ்ச் சொல் – ‘திறன் குறுக்கம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். வானொலி அலை அனுப்பும் செட் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டுத் திறனைத் (பவர்) தானே குறைப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபோல்ட்பேக்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 100 வாட் செட் 30 வாட்தான் தருகிறது என்றால் ‘திறன் இழப்பு’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே. இதற்கெல்லாம் தனிச் சொல் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும் ஐயா. பழுதுநீக்கும் குறிப்பில் ‘இழப்பு’ என்று படிக்கிறவர் என்ன செய்வார்? மூடியைக் கழற்றி, இறுதிநிலை மாஸ்ஃபெட்டுகளைத்தான் (திறனைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள்) முதலில் சந்தேகப்படுவார். விலை கொடுத்துப் புதியவற்றை வாங்கிப் பற்றவைத்த பிறகும் அதே 30 வாட்தான் வரும். ஏனென்றால் அங்கே எதுவும் கெடவில்லை. செட் தானாகவே, தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்திருக்கிறது.

அது நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்வு செய்ய அது உதவும். ஆன்டெனா 50 ஓமுக்குப் பொருந்தாவிட்டால், அனுப்பிய திறனில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. நிலையலை விகிதம் (எஸ்.டபிள்யூ.ஆர்., பொருந்தாமையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 என்றால் ஏறத்தாழ 11 விழுக்காடு, 3 என்றால் 25 விழுக்காடு. இப்படிப் பொருந்தாத சுமையில் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் (வெளியீட்டு முனை) மின்னழுத்தமோ மின்னோட்டமோ அது தாங்கும் அளவை மீறக்கூடும். அதனால் வெளியீட்டுப் பக்கத்தில் திரும்பும் அலையை அளக்கும் ஒரு சிறு சுற்றை வைத்திருக்கிறார்கள். அது தரும் மின்னழுத்தம் ஏ.எல்.சி. (குறிகையின், அதாவது சிக்னலின், அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) வழியாக முன்நிலைகளுக்குப் போய், பெருக்கிக்குள் நுழையும் குறிகையையே குறைக்கிறது. வெப்பத்தகடு சூடேறினாலும் பல செட்டுகளில் இதே வழிதான். காரணம் நீங்கியதும் முழுத் திறன் திரும்பிவிடும். அந்தத் திரும்புதல் நம் சொல்லில் இருக்க வேண்டும். ‘இழப்பு’ என்பதில் அது இல்லை.

> ‘திறன் தணிப்பு’ அல்லது ‘திறன் சுருக்கம்’?

‘தணிப்பு’ என்றால், குறிகையைக் குறைப்பதற்கென்றே வைக்கும் அட்டெனுவேட்டர் செய்யும் வேலை நினைவுக்கு வருகிறது. ஆன்டெனா வடத்திலும் திறன் தணியும், ஆனால் அதில் தற்காப்பு எதுவும் இல்லை. ‘சுருக்கம்’ கம்ப்ரெஷனுக்குத் தேவைப்படும். பேச்சை அமுக்கி அனுப்பும் பொத்தான் இதே செட்டின் முகப்பிலேயே இருக்கிறது, இரண்டும் குழம்பும். ‘திறன் அடக்கம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பொருள் நெருக்கமானதுதான். ஆனால் ‘அடக்கம்’ என்பதற்கு ‘உள்ளடங்கியது’ என்ற பொருளும் வலுவாக இருப்பதால், பாகங்களின் பட்டியலில் அந்தச் சொல் தடுமாறும்.

என் பரிந்துரை ‘திறன் குறுக்கம்’. இலக்கணத்தில் ஐகாரக்குறுக்கம் படித்திருப்போம். ‘ஐ’ தனியே நின்றால் 2 மாத்திரை. ‘மழை’ என்ற சொல்லின் கடைசியில் வந்தால் 1 மாத்திரைதான். எழுத்து கெட்டுப்போகவில்லை, நின்ற இடத்தால் அதன் அளவு குறைந்தது. தனியே எடுத்தால் பழைய அளவு வந்துவிடுகிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது, பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் விளக்கமும் தேவைப்படாது. மின்வழங்கியில் வரும் ஃபோல்ட்பேக்கையும் ‘மின்னோட்டக் குறுக்கம்’ என்று சொல்லிவிடலாம்.

புணர்ச்சி விதிப்படி ‘திறற்குறுக்கம்’ ஆகாதா என்று கேட்பீர்கள். ‘மின்கலம்’ போல இயல்பாக விட்டு, பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. பட்டறையில் வாயில் நுழையாத சொல் நிலைக்காது.

> குறுக்கமா பழுதா என்று எப்படிப் பிரிப்பது? அதைச் சொல்லாமல் சொல் மட்டும் கொடுத்து என்ன பயன்?

மிகச் சரி. விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் போலிச்சுமையை (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கி வெப்பமாக்கும் மின்தடை) மாட்டி, சி.டபிள்யூ. (மோர்ஸ் முறை) அல்லது எஃப்.எம்.மில் அனுப்பிப் பாருங்கள். முழுத் திறன் வந்தால் முன்பு நடந்தது குறுக்கம், தேட வேண்டியது வடத்திலும் இணைப்பிகளிலும் ஆன்டெனாவிலும். எஸ்.எஸ்.பி.யில் (ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு முறை) பேசிப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும்.

போலிச்சுமையிலும் குறைவா? அப்போதும் உடனே மாஸ்ஃபெட்டுக்குப் போக வேண்டாம். அனுப்பும்போது செட்டின் மின் இணைப்பு முனையிலேயே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 100 வாட் செட் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வயரிலும் ஃபியூஸ் பிடியிலும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 13.8 வோல்ட் 11.8 ஆகிவிட்டால், மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப, பெருக்கி தரக்கூடிய உச்சத் திறன் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். மின்வழங்கியில் 13.8 காட்டுகிறதே என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். அப்புறம், ஒரே ஓர் அலைவரிசையில் மட்டும் குறைவென்றால் அதற்குரிய தாழ்நிலை வடிப்பியின் (லோ-பாஸ் ஃபில்டர்) ரிலேயைப் பாருங்கள். எல்லா அலைவரிசையிலும் குறைவு, மின்னழுத்தமும் சரி, சூடும் இல்லை என்ற பிறகுதான் உந்துநிலை, இறுதிநிலை, அவற்றின் சார்பு மின்னோட்டம் (பயாஸ்) என்று உள்ளே போவது நியாயம். இந்தக் கடைசி நிலைக்குத்தான் ‘திறன் இழப்பு’ என்ற சொல்லை ஒதுக்க விரும்புகிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் பவர் என்பது ‘வலு’, எஃபிஷியன்சி என்பது ‘வினைத்திறன்’. எனவே ‘திறன் குறுக்கம்’ என்று படித்தால் வெளியீட்டு வாட் குறைந்ததாக அல்லாமல் வினைத்திறன் குறைந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘வலுக்குறுக்கம்’ என்பதை இணைச்சொல்லாகப் பதிவில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீருமா, அல்லது இருதரப்புக்கும் பொதுவாக ‘வாட்டுக் குறுக்கம்’ போன்ற ஒன்றைத் தேடலாமா? உங்கள் பதில் வந்ததும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.