யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்ற பதிவை அழிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வாசகர்: எங்கள் கிராம வாசகசாலையில் இஷ்யூ ரெஜிஸ்டர் மேசைமேல் திறந்தே கிடக்கும். பெரியார், அம்பேத்கர் எடுப்பவர் பெயரை வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டிப் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

மலையோரம்: ரெஜிஸ்டரை நிறுத்திவிட்டு பிரவுன் முறைக்கு மாறுங்க. புத்தகத்தின் பெயர் எழுதி அதற்குள் வைத்திருக்கும் சிறு அட்டையை உறுப்பினரின் பை போன்ற டிக்கெட்டில் செருகி, தவணைத் தேதிவாரியாக டிரேயில் அடுக்கணும். திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குள், டிக்கெட் ஆள் கையில். தடயமே மிஞ்சாது. நியூவார்க் முறை வேண்டாம், அதில் அந்தச் சிறு அட்டையிலேயே உறுப்பினர் எண் ஏறிவிடும். கணக்குக்கு தினமும் எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும்.

சித்தூர்க்காரன்: கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால் முதலில் ஒரு டம்மி உறுப்பினரை உருவாக்கி, அவருடைய பாரோயர் நம்பரை (கோஹா உள்ளுக்குள் தரும் எண்) 'அனானிமஸ் பேட்ரன்' அமைப்பில் போடுங்க; எடுத்தவர் பெயருக்குப் பதில் இந்த டம்மிதான் பதிவில் நிற்கும். கார்டு நம்பரைப் போட்டுவிட்டுத்தான் பலர் முழிக்கிறார்கள். பிறகு உறுப்பினர்களின் பிரைவசியை 'நெவர்' ஆக்கணும், புத்தகம் திரும்பியதும் பெயர் போய்விடும். கடைசியாக எடுத்தவரைக் குறித்து வைக்கும் 'ஸ்டோர் லாஸ்ட் பாரோயர்' அணைந்திருக்கட்டும். பழைய பேக்கப்பில் பெயரெல்லாம் அப்படியே இருக்கும், அதையும் கவனிங்க.

மலையோரம்: இது வெறும் கூச்சமில்லை. 2005-ல் நூலகப் பயனர் விவரம் கேட்ட எஃப்பிஐ கடிதத்தை எதிர்த்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில நூலகர்கள் நால்வர் கோர்ட்டுக்கே போனார்கள். இல்லாத பதிவை யாரும் கேட்டு வாங்க முடியாது.