எந்தச் சதைக்கு எந்தப் பயிற்சி? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ

இரணைமடுக்காரன்:
கிளிநொச்சியில அரிசி ஆலையில மூட்டை சுமந்த உடம்பு என்ர. அதால ஜிம்முக்குப் போகேக்க, முதுகும் காலும் ஏற்கெனவே இருக்கு, நெஞ்சு வந்தால் காணும் எண்டு நினைச்சன். திங்கள் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பாரத்தை நெஞ்சுக்கு மேல தள்ளுறது), புதன் பெஞ்ச் பிரஸ், வெள்ளியும் அதே. மூண்டாம் மாசம் வலது தோள்மூட்டின்ர முன்பக்கம் குத்தத் தொடங்கிச்சுது. சேர்ட் கழட்டக் கை பின்னால போகாது.

அங்கை பழக்கிற அண்ணை பெஞ்சை விடச் சொல்லேல்லை, பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னார். "தள்ளுறதுக்கு எத்தினை செற்றோ, இழுக்கிறதுக்கும் அத்தினை செய்." செற் எண்டால் இடையில நிப்பாட்டாமல் அடுத்தடுத்துச் செய்யிற ஒரு சுற்று. டம்பெல் ரோ தந்தார். ஒரு கையையும் முழங்காலையும் பெஞ்சில ஊண்டி, மற்றக் கையால டம்பெலை இழுக்கவேணும். நான் தோளுக்கு இழுத்தன், உளைஞ்சது மேல்கையின்ர முன்பக்கச் சதை, பைசெப்ஸ்தான். அண்ணை கமக்கட்டுக்குக் கீழ, முதுகின்ர ஓரத்தில விரலை வைச்சு, "இது இறுகவேணும். கையை மற, முழங்கையை இடுப்புக்குக் கொண்டுபோ" எண்டார். அப்பதான் அந்தச் சதை எனக்கு இருக்கெண்டே தெரிஞ்சது.

அதுக்குப் பிறகு எந்தப் பயிற்சியிலயும் ஒண்டுதான் பாக்கிறது: செற் முடியேக்க முதல் களைக்கிறது எது? நினைச்ச சதை இல்லையெண்டால், பயிற்சி பிழை, இல்லாட்டி நான் செய்யிற விதம் பிழை.

கரைவலை:
முல்லைத்தீவு. எனக்கு உது தலைகீழ். கரைவலை இழுத்த கை, ரோ, புல்-அப் (தொங்கிக்கொண்டு உடம்பை மேல இழுக்கிறது) எல்லாம் தண்ணி பட்ட பாடு. பிடி விட்டதே இல்லை. ஆனால் தலைக்கு மேல தூக்கிற ஓவர்ஹெட் பிரஸ்ஸில அஞ்சு கிலோ டம்பெலுக்குக் கை நடுங்கிச்சுது. பெடியள் சிரிச்சாங்கள்.

குந்தி எழும்பிற ஸ்குவாட் அதைவிட மோசம். வலை இழுக்கேக்க பின்னுக்குச் சரிஞ்சு காலால உதைக்கிறதுதான், முழங்கால் பாதிதான் மடியும். அதுக்குக் கீழ இருந்து எழும்பத் தொடையில பலமில்லை. மாரியில கடல் அடிச்சு வலை வளைக்கேலாத நாளுகளில இப்ப தோளும் தொடையும்தான் செய்யிறன். முதுகுக்குத் தொழில் காணும்.

மல்லாவிப் பெடியன்:
எங்கட பக்கம் ஜிம் இல்லை அண்ணை. வெறும் யூரியாப் பைக்குள்ள மணல் போட்டன். அம்பது கிலோப் பைதானே எண்டு வாய்மட்டும் நிரப்பினன். மணல் யூரியாவைவிடக் கிட்டத்தட்ட ரண்டு மடங்கு பாரம் எண்டு ஆர் கண்டது! அசையேல்லை. அம்மா வந்து பாத்திட்டு, "நாரி முறிஞ்சால் ஆர் வயலுக்கு இறங்கிறது?" எண்டு பேசினா.

இப்ப காவாசிதான். நெஞ்சோட கட்டிப்பிடிச்சு ஸ்குவாட், தொடையின்ர முன்பக்கத்துக்கு. பின்பக்கத்துக்கு, முழங்காலைக் கொஞ்சமா மடிச்சு, நாரியை வளைக்காமல் குண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் குனிஞ்சு நிமிர்றது. பின்தொடை இழுபடும், அடுத்தநாள் கக்கூசில இருந்தால் விளங்கும். பன்னிரண்டு தரம் லேசா வந்தால் ரண்டு பேணி மணல் கூட்டுவன். புல்-அப்புக்கு வேப்பங்கொப்பு. முருங்கையில தொங்கிப்போடாதேங்கோ, நான் விழுந்திட்டன்.

வவுனியா அக்கா:
வயசு 44, கந்தோரில நாள் முழுக்கக் கதிரை. வயிறு குறைய எண்டு ஒரு வருசம் சிற்-அப் அடிச்சன். வயிற்றுச் சதை இறுகிச்சுது, மேல கிடந்த கொழுப்பு அப்பிடியே. அது சாப்பாட்டில குறையிற சாமான்.

முழங்கால் நோவுக்குப் பயந்து ஸ்குவாட் பக்கம் போகேல்லை. பிறகு கதிரையில மெதுவா இருந்து எழும்பத் தொடங்கி, இப்ப கையில ரண்டு தண்ணிப் போத்தலோட செய்யிறன். கெண்டைக்காலுக்குப் படியில நுனிக்கால் ஊண்டி எழும்பிறது. முழங்கால் நேரா இருந்தால்தான் மேல துருத்தின சதை வேலை செய்யும். கதிரையில இருந்து செய்தால் அதுக்குக் கீழ கிடக்கிற சதை. ரண்டும் வேணும்.

தம்பி மல்லாவி, மேல்கைக்கு என்ன செய்யிறாய்? பைசெப்ஸ் மட்டுமெண்டால் கை பருக்காது. பின்னால இருக்கிற ட்ரைசெப்ஸ்தான் பெரிசு.

மல்லாவிப் பெடியன்:
கையை ஒடுக்கி ஊண்டித் தண்டால் எடுக்கிறன் அக்கா. பையைத் தலைக்குப் பின்னால பிடிச்சும் பாக்கப்போறன்.

இரணைமடுக்காரன்:
பையின்ர வாயை நல்லா இறுக்கிக் கட்டு தம்பி. உன்ர கதையைப் பாத்திட்டு நேற்று நானும் ஒரு பை தூக்கினன். இன்னும் காதுக்குள்ள மணல்.