தங்கச்சிக்கு 15 வயது, ஸ்பிரின்ட் கனூ பழக்கலாமா?

பாசையூரான்:
அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பழகின கை. எங்கட பக்கம் நடந்த தோணிப் போட்டியில் பெரிய பெடியங்களையே முந்தினவள். பாரிஸ் ஒலிம்பிக் வீடியோ பார்த்ததிலிருந்து கனூ (முழங்காலில் நின்று துடுப்புப் போடும் ஒடுக்கமான பந்தயப் படகு) என்றே நிற்கிறாள். 15 வயது பிந்திவிட்டதா? இதை நம்பி இறங்கலாமா?

தியவன்னா அக்கா:
பிந்தவில்லை தம்பி. கொழும்பில் படித்த காலத்தில் நான் கனூ ஓட்டியவள், அதனால் சொல்கிறேன். பெண்களுக்கான கனூ ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். முதல் தங்கம் எடுத்த அமெரிக்காவின் நெவின் ஹாரிசனுக்கு அப்போது 19 வயது. ஓட்டப்பந்தயத்தில் வர ஆசைப்பட்ட பிள்ளை. இடுப்பு மூட்டில் குறை என்று தெரிந்த பிறகு முழுமூச்சாகக் கனூவில் இறங்கினாள். பாரிஸில் கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 செக்கன், ஹாரிசன் 44.13. அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆனால் வள்ளம் வேறு, இது வேறு. ஒரு முழங்காலைப் பஞ்சுக்கட்டையில் ஊன்றி, மற்றக் காலை முன்னுக்கு வைத்து, ஒரே பக்கமாகத்தான் துடுப்புப் போட வேண்டும். சுக்கான் கிடையாது. துடுப்பை ஒவ்வொரு முறை இழுத்து முடிக்கும்போதும் அதை மெல்லத் திருப்பித்தான் படகை நேராக வைத்திருக்கலாம். படகு அவ்வளவு ஒடுக்கம், மூச்சை இழுத்துவிட்டாலே ஆடும். முதல் மாதங்கள் தண்ணிக்குள்தான் கிடப்பாள், அதைப் பார்த்து மறித்துவிடாதீர்கள்.

நாவாந்துறை மாமா:
பிள்ளை சொல்வது சரி. ஆனால் இதில் காசு இல்லை, படிப்பை விடவேண்டாம். பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரை நேரே போய்ப் பாருங்கோ. எங்கட களப்பு ஆழமில்லை, ஆழமில்லாத தண்ணி படகைப் பிடித்து இழுக்கும். அங்கே வரும் நேரத்தை வைத்து அவளை எடைபோட வேண்டாம். சோழகக் காற்று எழும்பமுதல், விடியவே இறக்குங்கோ. உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

பாசையூரான்:
நன்றி அக்கா, மாமா. அவள் இடக்கைக்காரி. எந்தப் பக்கம் பழக்குவது?

தியவன்னா அக்கா:
கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் முழங்காலில் நிற்கவிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் துடுப்புப் போட்டால் இடது முழங்கால் கீழே, வலப்பக்கம் என்றால் வலது. எதில் ஆடாமல் நிற்கிறாளோ அதுதான் அவளுடைய பக்கம். பிறகு மாற்றவேண்டாம்.