ரிக்ஸ்டோர்ஃபுக்கு வந்த அஞ்சலட்டை

ஞாயிறு

ஜெனி அக்கா, மாலை 4:10: (மூன்று படங்கள்) இந்தப் பழைய அஞ்சலட்டையை இங்கே பெர்லினில் மவுவர்பார்க் சந்தையில் ஒரு யூரோவுக்கு வாங்கினேன். முன்பக்கம் ஸ்ப்ரேவால்ட் கால்வாயில் ஒரு படகு. பின்பக்கம்தான் தலைவலி. என் ஆபீஸில் இருக்கும் ஜெர்மன்காரர்களுக்கே படிக்க வரவில்லை.

சாம், 4:13: புதுப் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த மாதிரி இருக்கிறது 😂

ஜெனி அக்கா, 4:15: குரென்ட் என்ற பழைய கையெழுத்து முறை. 'இ' (e) எழுத்து 'என்' (n) மாதிரியே இருக்கும். 'யு' (u) மேல் சின்ன வளைவு போடுவார்கள், அதைக் கவனிக்காவிட்டால் அதையும் 'என்' என்றுதான் படிப்போம். ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன், பாதி உளறல்.

சாம், 4:16: நெட்டில் இதற்கு சூட்டர்லின் என்று போட்டிருக்கிறதே?

ஜெனி அக்கா, 4:18: அது 1911-இல் உருவாக்கி, 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தது. இது அதற்கும் முந்தையது போலத் தெரிகிறது. நல்லவேளை, முகவரி மட்டும் லத்தீன் எழுத்தில் இருக்கிறது. பெயர்களை அப்படித் தனியாக எழுதும் வழக்கம் அன்று உண்டு.

பெரியப்பா, 4:31: ஜெனி, தபால் முத்திரையைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. லைட்டைப் பக்கவாட்டில் பிடி.

ஜெனி அக்கா, 4:36: (படம்) இது போதுமா பெரியப்பா?

பெரியப்பா, 4:44: லூபெனாவ், ஸ்ப்ரேவால்டில் இருக்கும் ஊர். 26.5. வருஷம் இருக்கும் இடத்தில் மை தீற்றிவிட்டது. அடித்தவர் அவசரக்காரர். எங்கள் தபால் ஆபீஸில் இப்படி அடித்திருந்தால் இன்ஸ்பெக்டர் விட்டிருக்க மாட்டார். ஸ்டாம்ப் பச்சை, ஐந்து ஃபென்னிக் (பழைய ஜெர்மன் காசு), ஜெர்மனியைப் பெண்ணாகக் காட்டும் ஜெர்மானியா உருவம். 'டாய்ச்சஸ் ரைஷ்' (ஜெர்மன் பேரரசு) என்று இருப்பதால் 1902 அல்லது அதற்குப் பிறகு. அதற்கு முன் 'ரைஷ்போஸ்ட்' என்று இருக்கும். நடுவில் கோடு போட்டு பாதி செய்தி, பாதி முகவரி. ஆக 1905-க்கு முந்தியது இல்லை.

ஜெனி அக்கா, 4:47: பெரியப்பா 🙏 முகவரியில் இருப்பது ரிக்ஸ்டோர்ஃப், அன்று பெர்லினை ஒட்டிய தனி ஊர். பெர்க் தெரு. 1912 ஜனவரியில் ரிக்ஸ்டோர்ஃபின் பெயரை நொய்க்கோல்ன் என்று மாற்றிவிட்டார்கள். கேளிக்கைக் கூடங்களால் ஊர்ப்பெயர் அவ்வளவு கெட்டிருந்தது. அதனால் 1905-க்கும் 1911-க்கும் நடுவில்.

சாம், 4:49: பெர்க் தெரு மேப்பில் கிடைத்துவிட்டது! பெர்லின் நடுவில் மிட்டே பகுதி. அக்கா, உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான்.

ஜெனி அக்கா, 4:50: அது வேறு பெர்க் தெருடா. ரிக்ஸ்டோர்ஃபில் இருந்ததை 1947-இல் கார்ல் மார்க்ஸ் தெருவோடு சேர்த்துவிட்டார்கள்.

செவ்வாய்

ஜெனி அக்கா, இரவு 9:20: மாடி வீட்டுப் பாட்டியம்மா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து படித்துக் கொடுத்தார். அவருடைய அம்மா இப்படித்தான் எழுதுவாராம். இதுதான் விஷயம்: 'அன்புச் சகோதரி, பார்சல் வந்ததா? வெள்ளரிக்காய் ஜாடி உடையாமல் இருந்ததா? வரும் ஞாயிறு பெந்தெகொஸ்தே. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வந்துவிடு. தம்பிக்குக் கால் வளர்ந்துவிட்டது, பழைய ஷூ நுழையவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்.'

சாம், 9:22: கடைசி வரிக்காகத்தான் கார்டே போட்டிருக்கிறார்கள்.

எஸ்தர் அத்தை, 9:30: வரும் ஞாயிறு பெந்தெகொஸ்தேயா? அப்படியானால் வருஷம் கிடைத்துவிடுமே! ஈஸ்டர் முடிந்து ஏழாவது ஞாயிறு. மே 26-ஐ அடுத்த ஞாயிறு எந்த வருஷத்தில் பெந்தெகொஸ்தே என்று பாருங்கள்.

சாம், 9:41: 1905 முதல் 1911 வரை எல்லா வருஷத்துக்கும் பார்த்துவிட்டேன். 1909-இல் ஈஸ்டர் ஏப்ரல் 11, பெந்தெகொஸ்தே மே 30. முத்திரை குத்தியது புதன்கிழமை. மற்ற எந்த வருஷமும் ஒத்துவரவில்லை. அத்தை 👏

எஸ்தர் அத்தை, 9:43: சர்ச்சில் இத்தனை வருஷம் காலண்டர் அச்சடிக்கக் கொடுத்தது வீண் போகவில்லை.

ஜெனி அக்கா, 9:50: லூபெனாவ் ரயில் பெர்லினில் கோர்லிட்சர் நிலையத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இன்று அந்த இடம் பூங்கா. ரிக்ஸ்டோர்ஃபிலிருந்து நடந்தே போய்விடலாம்.

பெரியப்பா, 9:58: ஆளைக் கண்டுபிடித்தாயா?

ஜெனி அக்கா, 10:05: அங்கேதான் சிக்கல். பெர்லின் முகவரிப் புத்தகங்களை நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது. ஆனால் குடும்பத் தலைவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். வேலைக்காரப் பெண்களும் உள்வாடகைக்கு இருந்தவர்களும் கிடையாது. இந்தப் பெண்ணின் முகவரியோ 'இன்ன விதவை வீட்டில், பின்கட்டு, மூன்றாம் மாடி'.

பெரியப்பா, 10:07: அப்படியானால் பெண்ணை விடு, விதவையைத் தேடு. கேர் ஆஃப் போட்ட கடிதத்துக்கு வீட்டுக்காரர்தான் ஆதாரம்.

சனி

ஜெனி அக்கா, காலை 11:15: பெரியப்பா சொன்னபடியே! 1909 புத்தகத்தில் தெருவாரியான பகுதியில் அந்த வீட்டு எண்ணில் விதவை இருக்கிறார். தொழில் இஸ்திரி போடுவது. அடுத்து, ரிக்ஸ்டோர்ஃப் திருமணப் பதிவேடு. 80 வருஷம் தாண்டிய திருமணப் பதிவுகளை யாரும் பார்க்கலாம். 1911-இல் ஒரு மணப்பெண்: அதே பெயர், பிறந்த ஊர் லூபெனாவ், குடியிருப்பு அதே பெர்க் தெரு எண். மாப்பிள்ளை தச்சர். பெயர்களை இங்கே போடவில்லை, வாரிசுகள் யாராவது இருக்கலாம்.

பெரியப்பா, 11:19: ஒரே பெயரில் ரெண்டு பேர் இருப்பார்கள். சாட்சிகள் யார்?

ஜெனி அக்கா, 11:24: இரண்டாவது சாட்சி அந்த இஸ்திரி அம்மா. வயது 58. அதே வீடு 😭

எஸ்தர் அத்தை, 11:25: ஸ்தோத்திரம்! வாடகைக்கு வந்த பெண்ணுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே!

சாம், 11:27: அப்புறம் என்ன ஆனார்கள்?

ஜெனி அக்கா, 11:33: இனி கணவர் பெயரில் தேட வேண்டும். 1912-க்கு அப்புறம் நொய்க்கோல்ன் என்ற தலைப்பின் கீழ். முகவரிப் புத்தகம் 1943 வரைதான் வந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் மாநில ஆவணக் காப்பகத்தில் பழைய குடியிருப்போர் பதிவு அட்டைகள் இருக்கின்றன. முழுமையாக இல்லை, கட்டணமும் உண்டு. ஒரு யூரோ கார்டுக்கு அவ்வளவு செலவா என்று யோசிக்கிறேன்.

பெரியப்பா, 11:34: யோசிக்காதே, மனு போடு. பென்ஷன் வந்துவிட்டது.