முழுப்பேர்: உழைப்பைக் கொண்டாடிய நாளில் நாம் சந்தித்தவர்கள்

பகிர்வைத் தொடங்கியவர், கோத்தகிரி வட்டாரம்:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நம் நீலகிரி மலையில் உழைத்தவர்களின் வரலாற்றை அவரவர் ஊரில் கொண்டாடியபோது நீங்கள் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி இங்கே எழுத வேண்டுகிறேன். என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் சென்ற டிசம்பர் 15 அன்று தேயிலை நாளைக் கொண்டாடினோம். தொழிற்சங்கங்கள் 2005 முதல் கடைப்பிடித்துவரும் நாள் அது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019-இல் மே 21-ஐ உலகத் தேயிலை நாளாக அறிவித்துவிட்டது என்பதை அறிவோம். ஆனால் மே மாதத்தில் கொழுந்து மளமளவென்று வரும். கொழுந்தைச் செடியில் விட்டுவிட்டு விழாவுக்கு வந்து உட்கார எங்கள் பெண்களுக்கு மனம் ஒப்பாது. ஆகவே குளிர் நாளான பழைய தேதியையே வைத்துக்கொண்டோம்.

எங்களில் பெரும்பாலோர் தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவோம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து போய் மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக வனத்துறை 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே 1976-இல் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம் ஆயிற்று. சுற்றுலா வருபவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளும் பச்சைச் சரிவுகளில் பலவற்றில், குழி வெட்டி, நாற்று சுமந்து, மழையில் நின்று நட்டவர்கள் இவர்கள்தாம்.

விழாவுக்கு மேடை போடவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் படங்கு விரித்து, வீட்டிலிருக்கும் பழைய வேலைப் பொருள்களைக் கொண்டுவரச் சொன்னோம். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்திகள் வந்தன. மூங்கில் கூடைகள் வந்தன. கப்பலில் வந்த தகரப் பெட்டிகள் இரண்டும், மடிப்புகளில் கிழிந்துபோன குடும்ப அட்டைகளும் வந்தன. மேல் லயத்தில், அதாவது மேல் வரிசை வீடுகளில், இருக்கும் எண்பது வயதை நெருங்கிய அப்பாயி ஒருவர் ஒரு மட்டக்கம்பை மட்டும் எடுத்து வந்தார். செடியின் மேல் குறுக்காக வைத்து, அதற்கு மேல் எழும்பி நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவதற்கு உதவும் நீண்ட மெல்லிய கம்பு அது. கத்தரியும் இயந்திரமும் வந்த பிறகு எங்கள் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

நான் அவரிடம், "அப்பாயி, எப்படிப் பிடிப்பீர்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்களேன்" என்றேன். அவர் எழுந்து களத்தோரச் செடிக்கு நடந்தார். கம்பைக் கிடத்திவிட்டு இரு கைகளாலும் பறிக்கத் தொடங்கினார். நகம் படவில்லை, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சிறு திருப்பு, அவ்வளவுதான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிந்தார். கூடை இல்லாததால் கொழுந்து தரையில் விழுந்தது. "ஐயோ, கூடையை மறந்துட்டேனே" என்று அவர் உண்மையாகவே பதறினார். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்று நான் பள்ளியில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதற்றத்தைக் கண்ட பிறகுதான் அந்தக் கணக்கின் எடை எனக்குப் புரிந்தது.

பிறகு அவர் அமர்ந்து பேசினார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்து வயதுக்கு முன்பே கொழுந்துக்குப் போனவர். 1972-இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் காத்திருந்து, ரயிலிலும் லாரியிலுமாக இந்த மலைக்கு ஏறியவர். இவற்றையெல்லாம் அவர் சுருக்கமாகவே சொன்னார். அவர் நின்று நிதானித்துச் சொன்னது வேறொன்று.

தோட்டத்தில் ஒருநாள் முழுக்கூலியைப் 'பேர்' என்பார்கள். வேலைக்குக் குறைவு கண்டால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போட்டுவிடுவார். அந்தக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் அதை விட்டுவிட்டு இவர் பிரட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறார். மாலை நிறுவையில் கொழுந்து கொஞ்சமும் குறையவில்லை. இருந்தும் அரைப்பேர்தான் விழுந்தது. "கொழுந்து முழுசு, பேரு மட்டும் அரை" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குரலில் வலி ஆறியிருக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற பாட்டிமார்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் அரைப்பேர்களைச் சொல்லத் தொடங்கினார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் அன்று மாலை வாசிப்பதற்காக, குடியிருப்பில் வேலை செய்து ஓய்ந்தவர்களின் பெயர்களைத் தொகுத்து வைத்திருந்தாள். பிரட்டு எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக வாசிக்க, இருப்பவர்கள் "இருக்கேன்" என்றார்கள். மறைந்தவர்களுக்காக அவர்கள் வீட்டார் குரல் கொடுத்தார்கள். அப்பாயியின் பெயர் வந்தபோது அவர் எழுந்து நின்று, "முழுப்பேரா போட்டியா, கண்ணு?" என்று கேட்டார். "முழுப்பேர்தான், அப்பாயி" என்றாள் அவள்.

உரைகள், பரிசளிப்பு, சிற்றுண்டி எல்லாம் வழக்கம்போல நடந்தன.

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் வந்த பாதை இது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் என்று எல்லாரும் எண்ணிச் சொல்வார்கள். யுனெஸ்கோ 2005-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளின் முகப்பு மேடையில், மழையிலும் பனியிலும் கொடியைப் பிடித்து நிற்பவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை; பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், ஆகவே ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துப் பச்சைக் கொடியையோ சிவப்புக் கொடியையோ காட்ட, அதை அடுத்த பெட்டிக்காரர் வாங்கிக் காட்ட, இப்படிக் கை மாறிக் கை மாறி அந்தச் செய்தி இன்ஜினுக்குப் போய்ச் சேரும். வண்டியில் இருக்கும் அத்தனை உயிரும் அந்தக் கைகளை நம்பித்தான் ஏறுகின்றன.

எங்கள் தெருவில் மே நாளன்று ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு சிறு மரியாதை செய்தோம். அங்கே அப்பா ஒரு முதியவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கைகளைப் பற்றிக்கொண்டார். அவர் தண்டவாளப் பாதையில் கேங்மேனாக இருந்தவராம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடியுமுன்பே விளக்கோடு நடந்து, மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவருடைய குழுவின் வேலை. "இவங்க நடந்து முடிச்சப்புறம்தான் நாங்க ஏறுவோம்மா" என்றார் அப்பா. இருவரும் எத்தனையோ ஆண்டுகள் ஒரே பாதையில் உழைத்தவர்கள், கொடியசைத்துப் பழகியவர்கள். ஆனால் ஒருவர் பெயர் மற்றவருக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

பெயர் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ச் சிங்கோனா நினைவுக்கு வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுப்பதற்காக 1860-களில் அரசு இங்கே அந்த மரத்தை வளர்த்தது. பட்டையை உரித்த இடத்தில் பாசியைச் சுற்றிக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்னும் முறையைக் கண்டறிந்தவர் மெக்ஐவர் என்று நூல்களில் இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து அந்தச் செடிகளைக் கொண்டுவர ஏற்பாடு செய்த மார்க்கமின் பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு மரமாக ஏணி சாத்திப் பாசி கட்டியவர்களின் பெயரோ, கைதிகளாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு இங்கே வேலை வாங்கப்பட்ட சீனர்களின் பெயரோ எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய சிறைக் கட்டடத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சுற்றிக் காட்டியபோது, ஒரு சிறுமி, "அவங்க பேரெல்லாம் எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். உங்கள் அண்ணன் மகள் அந்தப் பட்டியலை எப்படித் தயாரித்தாள் என்று விவரமாக எழுத முடியுமா?

பகிர்வைத் தொடங்கியவர்:

சகோதரிக்கும் நடுவட்டத்து நண்பருக்கும் நன்றி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அம்மா.

பட்டியலுக்கு அவள் முதலில் வீடுவீடாகச் சென்று குடும்ப அட்டைகளைப் பார்த்தாள். பிறகு பணிக்கொடைத் தாள்கள், கோயில் திருவிழா வரிக் குறிப்பேடுகள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றிலிருந்து பெயர்களை எடுத்தாள். கடைசியாக ஒவ்வொரு லயத்திலும் மூத்த பெண்கள் இருவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டித் திருத்தினாள். ஆண்கள் மறந்துவிட்ட பல பெயர்களை அந்தப் பெண்களே சொன்னார்கள். யாராவது தொடங்க நினைத்தால் இவர்களிடமே முதலில் போங்கள் என்பது என் பரிந்துரை.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. பட்டியலில் பதினொரு இடங்களில் 'இன்னாரின் மனைவி' என்று மட்டுமே உள்ளது. அவர்கள் எல்லாரும் 1970-களில் இங்கே நாற்று நட்டவர்கள். இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். அன்று வாசித்தபோது அந்த இடங்களில் என் அண்ணன் மகள் நிறுத்தி, சற்று நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்புகளிலிருந்து திருப்பூர், கோவைப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் இதைப் படித்தால், உங்கள் அம்மா, பாட்டி ஆகியோரின் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த டிசம்பருக்குள் அந்தப் பதினொன்றையும் நிரப்பிவிட வேண்டும் என்று அவள் ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.